கடலில் பார்த்த அமராவதி

ஃப்ரீமான்ட்டில் என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் சாயந்திரம் வால் பார்க்கும் படலம் ஒன்று நடக்கும். தட்டுகளை எடுத்து வைத்ததும் நித்யா லேப்டாப்பைத் திறப்பாள். திரை முழுக்கத் திமிங்கிலங்களின் வால்கள். கறுப்பு வால், வெள்ளை வால், ஓரம் கிழிந்த வால். ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து, இல்லை என்று தலையாட்டி, அடுத்ததற்குப் போவாள். வரன் பார்க்கும் வீட்டில்கூட இத்தனை போட்டோக்களைத் தள்ளியிருக்க மாட்டார்கள். வந்த முதல் வாரம் முழுக்க அதை ஆபீஸ் வேலை என்றே நினைத்திருந்தேன்.

மாப்பிள்ளை பிரபுதான் விளக்கினார். அலாஸ்காப் பக்கம் வயிறு முட்டத் தின்னும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் ஹவாய்த் தீவுகளுக்கு இறங்கி வருமாம். ஜோடி சேர்வதும் குட்டி போடுவதும் அங்கேதான். அவற்றைக் கணக்கெடுத்து, வாலை வைத்து யார் யார் என்று அடையாளம் காண, சம்பளமில்லாமல் ஆட்கள் போய் வேலை செய்கிறார்கள். நித்யா போன வருஷம் போயிருக்கிறாள். இந்த வருஷம் இரண்டு பேருமாகப் போக இருந்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு ஆபீஸில் ஏதோ ரிலீஸ் வேலை வந்து சேர்ந்தது.

"மாமா, என் இடத்துல நீங்க போங்க. அங்க ஹில் மேல தியோடலைட் வெச்சுத்தான் ட்ராக் பண்றாங்க. உங்களுக்கு இல்லாத எக்ஸ்பீரியன்ஸா?" என்றார்.

தியோடலைட் என்பது நிலம் அளப்பவனின் கோணமானி. அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். நான் ஓய்வுபெற்ற சர்வேயர். தாராபுரம் தாலுகாவில் நான் கால் வைக்காத வரப்பு கிடையாது. ஆனால் அசையாத நிலத்தை அளந்தவன். நீந்துவதை அளந்து பழக்கமில்லை. என் மனைவி சரசுவுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "கடல்ல போயி என்னத்தைப் புடிக்கப் போறீங்க? சுகர் மாத்திரைய மறந்துறாதீங்க," என்று சொல்லிக்கொண்டே, மௌரி அவென்யூ கடையில் வாங்கிய மாங்காய் ஊறுகாயையும் புளிக்காய்ச்சலையும் என் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே செருகினாள்.

தீவில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மண்தான். நல்ல செம்மண். ஒரு பக்கம் மலை, அதன் தலையில் மேகம், மறு பக்கம் கண் கூசும் நீலம். காற்றில் அலரிப் பூ வாசனை. காரில் போகும்போதே பாதித் தூக்கத்தில் இருப்பது போல் இருந்தது. அந்தச் சுகத்தில் ஒரு மண் பாதைக்குள் திரும்பியபோது, பின்பக்கம் ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்து வண்டி ஒரு பக்கமாக இழுத்தது.

இறங்கிப் பார்த்தேன். டயரில் விரல் நீளத்துக்கு ஒரு முள். பாதையோரம் நின்ற மரங்களை நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதே சின்ன இலை, அதே மஞ்சள் நெற்று. நம் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி முறை மரம்! எங்கள் ஊரில் என் சைக்கிளை எத்தனை தடவை பஞ்சராக்கியதோ, அதன் உறவுக்காரன் இத்தனை கடல் தாண்டி எனக்காகக் காத்திருந்திருக்கிறான். டயர் மாற்றுகிற ஆள் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அப்பனும் மகளும் அந்த முள்மர நிழலிலேயே உட்கார்ந்தோம்.

அங்கேதான் நித்யா வாயைத் திறந்தாள்.

"போன வருஷம் தியோடலைட்ல நான்தாம்ப்பா இருந்தேன். ஒரு திமிங்கிலம் வந்துச்சு, வால்ல கயிறு சுத்தியிருந்துச்சு. மீன்புடிக்கிற கயிறு. ரெஸ்க்யூ போட்டுக்கு நான் ஆங்கிள் சொல்லணும். டூ ஒன் செவன். நான் டூ செவன் ஒன்னுன்னு சொல்லிட்டேன்."

ஐம்பத்து நான்கு டிகிரி என்று என் மனம் தானாகக் கழித்துப் பார்த்தது. பழக்க தோஷம்.

"அவங்க வேற பக்கம் போயித் தேடிட்டு வர்றதுக்குள்ள வெளிச்சமே போயிருச்சு. பாதிக் கயித்தத்தான் கட் பண்ண முடிஞ்சது. அப்புறம் உள்ள போனவதான். ஒரு வருஷமா எங்கயும், யாரு போட்டோலயும் இல்ல."

"யாராச்சும் திட்டுனாங்களா கண்ணு?"

"ஒருத்தரும் திட்டலைங்ப்பா. அதான் தாங்க முடியல."

போனில் அந்தத் திமிங்கிலத்தின் பழைய படத்தைக் காட்டினாள். கறுப்பு வால். இடது பாதியில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு, மேலிருந்து இறங்கி, ஓர் இடத்தில் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து, மறுபடி நேராகி ஓரத்தில் முடிந்தது. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்த வளைவை நான் சங்கிலி போட்டு அளந்திருக்கிறேன்.

"ஏங் கண்ணு, இது நம்ம அமராவதி!"

"ஆமாங்ப்பா. நம்ம ஹால்ல ஒரு மேப் மாட்டியிருந்தீங்கல்ல? பாத்த உடனே அதான் ஞாபகம் வந்துச்சு. அதான் அவளுக்கு அமராவதின்னே பேரு வெச்சேன்."

தாராபுரத்துப் பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் நான் அந்த ஆற்றைக் கும்பிடுவேன். குழந்தையாக என் மடியில் உட்கார்ந்து நித்யாவும் கும்பிடுவாள். இப்போதெல்லாம் ஊருக்கு வந்தால் காரில் பாலத்தைக் கடக்கிறோம். அவள் போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணா திமிங்கிலத்துக்கு எங்கள் ஆற்றின் பேரை வைத்தாள்! ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். அதற்குள் டயர்க்காரர் வந்துவிட்டார்.

மறுநாள் மேட்டுக்குப் போனோம். எப்போதோ எரிந்து அணைந்த சின்ன எரிமலையின் முதுகு அது. உச்சியில் ஒரு குடை, மூன்று மடக்கு நாற்காலி, முக்காலியில் தியோடலைட். பொறுப்பாளர் நோலா, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தீவுக்காரப் பெண்மணி. அறுபத்தைந்து வயதிருக்கும். ஆண்கள் தொப்பி, வெயிலில் காய்ந்த கை, கணீர்க் குரல். அந்தத் தீவிலும் வயதில் மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நோலா ஆன்ட்டி என்று நித்யா அழைத்தபோது ஏதோ நம்மவர் வீட்டுக் கொலுவுக்குப் போன மாதிரி இருந்தது. என்னைவிட இளையவரான நோலாவும் என்னை அங்கிள் என்றே கூப்பிட்டார்.

தியோடலைட்டில் கண்ணை வைத்தேன். எத்தனையோ வருஷம் அந்தக் குறுக்குக் கம்பிக்கு நடுவில் எல்லைக்கல்லையும் பனைமரத்தையும் வேலிக்காலையும் நிறுத்தியிருக்கிறேன். இப்போது அங்கே தண்ணீர் மட்டும். வெயில் ஏற ஏறக் கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன. திடீரென்று அந்த வெறுமையிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு எழுந்து, நின்று, கலைந்தது. சத்தம் வெகு நேரம் கழித்து வந்தது. ஆங்கிளைச் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, நம்பர்!" என்று நித்யா முதுகில் தட்டினாள்.

மதியம் நோலா, கடற்பாசியில் சுற்றிய சோற்றுக் கட்டியைச் சாப்பிட்டார். மேலே டப்பா இறைச்சித் துண்டு ஒன்று படுத்திருந்தது. நான் புளிசாதத்தையும் ஊறுகாயையும் எடுத்தேன். ஊறுகாயை ருசி பார்த்தவர், "எங்கள் வீட்டிலும் பச்சை மாங்காயை உப்பில் போடுவோம். ஆனால் அது ஆளைக் கொல்லாது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டார்.

சாப்பாட்டுப் பேச்சில்தான் அந்தச் செய்தி தெரிந்தது. குட்டி போட்ட தாய்க்கு இந்தக் கடலில் தின்ன ஒன்றும் கிடையாதாம். மாசக்கணக்கில் பட்டினி கிடந்தபடியே குட்டிக்குப் பால் கொடுக்குமாம். நம் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் கருவாடும் வைத்து எப்படி விழுந்து விழுந்து கவனிக்கிறோம்! அன்று அதற்குப் பிறகு எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மூன்றாம் நாள் படகு. நோலாவே ஓட்டினார். நித்யா கையில் அட்டையும் பென்சிலும்: எத்தனை மணி, எத்தனை திமிங்கிலம், படம் எண் என்ன என்று அவள் எழுத வேண்டும். என் கழுத்தில் மூங்கில் குழாய் மாதிரி லென்ஸ் வைத்த கேமரா. ஆழமாக முங்கப் போகும் திமிங்கிலம் வாலை மேலே தூக்கி, அடிப்பக்கத்தைக் காட்டிவிட்டு இறங்கும். அந்த இரண்டு மூன்று விநாடிதான். குட்டியோடு இருக்கும் தாய் அதையும் அடிக்கடி செய்யாது.

"டெயில் வந்தா ஜஸ்ட் பிரஸ் பண்ணுங்க. கையை மட்டும் எடுத்துறாதீங்ப்பா," என்று நித்யா பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு நோலா ஒரு மைக்கைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டார். ஸ்பீக்கரில் முதலில் இரைச்சல். அப்புறம் பாட்டு. கதவு கிறீச்சிடுவதில் தொடங்கி, நாதஸ்வரத்தில் சீவாளி பார்ப்பது போல் இழுத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகலில் முடிந்து, மறுபடி முதலிலிருந்து வந்தது. ஆண்தான் பாடுமாம். ஸ்பீக்கரை அணைத்த பிறகும் படகின் அடிப்பலகை வழியாக என் பாதத்தில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வயது, என் ஊர், எல்லாமே ஏதோ எட்டத்தில் நடப்பவையாகத் தோன்றின.

அப்போதுதான் வலப்பக்கம் குட்டி எழும்பியது. குட்டி என்று பேர். எங்கள் ஊர் மினி பஸ்ஸில் பாதி இருக்கும். நித்யா குனிந்து எழுதத் தொடங்கினாள். அதன் பின்னால் தாயின் முதுகு வந்தது, வளைந்தது, வளைந்துகொண்டே போனது. நோலா படகின் மறுபக்கம் மைக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒழுக ஒழுக வால் நிமிர்ந்து மேலே வந்தது.

இடது பாதியில் ஆறு. அந்த வளைவு.

என் இரண்டு கையும் கேமராவை விட்டுவிட்டுச் சேர்ந்தன. பாலத்தில் பஸ் ஏறியதும் சேர்கிற அதே கைகள். நான் அவற்றிடம் ஒன்றும் சொல்லவில்லை. வால் சத்தமில்லாமல் இறங்கியது. தண்ணீரின் மேல் எண்ணெய் ஊற்றிய மாதிரி வழவழப்பாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. அதைத் திமிங்கிலத்தின் காலடித் தடம் என்கிறார்கள்.

"அப்பா! எடுத்தீங்ளா?"

கேமரா என் வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நித்யா என் கைகளைப் பார்த்தாள். எனக்கு அப்படியே கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது.

"அமராவதி கண்ணு," என்றேன். "அவளாத்தான் இருக்கும்."

"இருக்குமா? இருக்குமான்னா என்னப்பா? ஷூரா பாத்தீங்களா இல்லையா?"

அவள் என்னிடம் அப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. நித்யா கேட்கும்போது அவள் கண் நிறைந்திருந்தது. 'சத்தியமா அவளேதான்' என்று சொல்லியிருந்தால் ஒரு வருஷப் பாரம் அன்றைக்கே இறங்கியிருக்கும். சொல்ல முடியவில்லை. இரண்டு விநாடிதான் பார்த்தேன். அதுவும், அவளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு பார்த்தேன். "நினைக்கிறேன்," என்று மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தோம். தாயும் குட்டியும் போன இடம் தெரியவில்லை.

கரையில் நோலா அட்டையைப் பார்த்தார். "தாய் ஒன்று, குட்டி ஒன்று. அடையாளம் தெரியவில்லை," என்று எழுதினார். "பார்த்தேன் என்பதை எழுத இதில் இடமில்லை, அங்கிள்." அவர் குரலில் கோபமே இல்லை. 'கல்லு இங்கதானுங்க இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்' என்று என் முன்னால் நின்ற குடியானவர்களை நினைத்துக்கொண்டேன். பார்த்தது ஆகாது, அளவு வேண்டும் என்று அவர்களை எத்தனை தரம் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான்காம் நாள் பலத்த காற்று. கடல் முழுக்க வெள்ளை நுரை, படகு கிடையாது. ஓட்டல் வராந்தாவில் உட்கார்ந்து அந்த வாலை நோட்டில் வரைந்து பார்த்தேன். கை தடையில்லாமல் ஓடியது. வரைந்து முடித்தபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. வரைந்தது நேற்றுப் பார்த்த வாலையா, முப்பது வருஷமாக மனசில் கிடக்கிற மேப்பையா? தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்தேன்.

மதியம் ஒரு கடையில், ஐஸ்கிரீம் மாதிரி இரண்டு உருண்டையாக வைத்த சோற்றைச் சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் ஓர் அம்மாள் தன் கணவரிடம், "நம் ஊர்ச் சாப்பாடு எங்கே என்று கேட்காதே, விடுமுறையில் இருக்கிறாய்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் நித்யா சிரித்திருப்பாள். அன்று சோற்றை மட்டும் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அப்பா வேணும்னு பண்ணல."

"தெரியுங்ப்பா." சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "நானும் வேணும்னு பண்ணல," என்றாள்.

அதன் பிறகு என் தட்டிலிருந்து ஒரு துண்டு அன்னாசியை எடுத்துச் சாப்பிட்டாள். நான் என் தட்டையே அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஐந்தாம் நாள், எங்கள் கடைசி நாள், காற்று அடியோடு நின்றுவிட்டது. கடல், கழுவித் துடைத்த சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தது. கேமராவை நோலாவே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். "நான் படகு ஓட்ட வேண்டும். அது உங்கள் வேலை," என்று என் கழுத்திலேயே மாட்டிவிட்டார். நித்யா பென்சிலை இரண்டு தரம் சீவினாள்.

காலை முழுவதும் தேடினோம். தூரத்தில் நாலைந்து ஆண்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு போயின. அவற்றின் மூச்சுக் காற்று எங்கள் பக்கம் அடித்தபோது அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் வந்தது. பத்துப் பதினைந்து வால்களைப் படமெடுத்தேன். எதிலும் ஆறு இல்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்று நோலா சொன்னார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெளிச்சம். எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்க முடியாத அந்த நடுவில் நாங்கள் மூன்று பேரும் மிதந்துகொண்டிருந்தோம்.

குட்டிதான் முதலில் வந்தது. படகுக்கு வெகு பக்கத்தில் மல்லாந்து, வெள்ளை வயிற்றைக் காட்டி, மறுபடி புரண்டது. தாய் அதற்கு அடியில் இருந்தாள். தண்ணீருக்குள் ஒரு பெரிய வெளிர்நீலம் மெல்ல மேலே வருவதை என் கண்ணால் பார்த்தேன். மூச்சு விட்டாள். என் கண்ணாடியெல்லாம் ஈரமானது. துடைக்கவில்லை. முதுகு வளைந்தது. இரண்டு கையாலும் கேமராவை இறுக்கிப் பிடித்து, விரலை வைத்து அழுத்தினேன். வால் எழுந்தது, நின்றது, இறங்கியது. கும்பிட என் கைகள் துடித்தன. விரலை எடுக்கவில்லை. வழவழப்பான அந்த வட்டம் மட்டும் மிஞ்சிய பிறகும் கேமரா படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தேன். இடது பாதியில் வெள்ளைக் கோடு, வளைவு, மறுபடி நேர்கோடு. என் ஆசை வரைந்த கோடு இல்லை, படத்தில் இருந்தது. வால் தொடங்கும் இடத்தைச் சுற்றி, பழைய படத்தில் இல்லாத ஒரு வெள்ளைத் தழும்பு, வளையல் போட்ட மாதிரி. கயிறு இருந்த இடம். கயிறு இல்லை. ஆறிப்போயிருந்தது. நான் வாய்விட்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

"கிடைத்ததா?" என்று நோலா கத்தினார்.

கேமராவைத் தூக்கிக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அப்புறம் தொண்டையைச் செருமிப் பொறுப்பாளர் குரலுக்குத் திரும்பி, "நித்யா, நேரம் என்ன எழுதினாய்?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அட்டை அவள் காலடியில் கிடந்தது. பென்சில் படகின் ஆட்டத்தில் இப்படியும் அப்படியுமாக உருண்டுகொண்டிருந்தது. தண்ணீரின் மேல் கலைந்துகொண்டிருந்த அந்த வட்டத்தைப் பார்த்தபடி என் மகள் நின்றாள். அவள் இரண்டு கைகளும் கூப்பியபடியே இருந்தன.